சுறாவிலிருந்து தொடங்குங்கள்

“இதுவும் பொய்தான் டீச்சர். எல்லாமே பொய்தான்.”

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்று இப்படிச் சொன்னான். அதற்கு முந்தைய ஆறு வாரங்களாக அந்த வகுப்புக்கு, இணையத்தில் ஏமாறாமல் இருப்பது பற்றிப் பாடம் எடுத்துவந்தேன். வாரம் ஒரு போலிப் படம், ஒரு போலிச் செய்தி என்று கொண்டுபோய்க் காட்டுவேன். எங்கே ஏமாற்றியிருக்கிறார்கள் என்று பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு கண்டுபிடிப்பார்கள். பாடம் நன்றாகப் போகிறது என்று பூரித்துப்போயிருந்தேன். ஏழாவது வாரம், ஒரு மாறுதலுக்காக, உண்மையான படம் ஒன்றைத் திரையில் போட்டேன். 1968 டிசம்பர் 24 அன்று அப்பொல்லோ 8 விண்கலத்திலிருந்து எடுத்த படம் அது: சாம்பல் நிற நிலவுத் தரைக்கு மேலே, கறுப்பு வானத்தில், ஒரு பகுதி மட்டும் வெளிச்சமாகப் பூமி. ‘பொய்’ என்று பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன. வானத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லையே என்று காரணமும் சொன்னார்கள்.

வெயிலில் பளிச்சிடும் நிலவுத் தரைக்கு ஏற்பக் கேமராவை அமைத்தால் மங்கலான நட்சத்திரங்கள் பதியாது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார்கள். ஆனாலும் அந்தப் பையன் சொன்னது என்னை விட்டுப் போகவில்லை. ஏமாறாமல் இருக்கக் கற்றுக்கொடுப்பதாக நினைத்து, எதையும் நம்பாமல் இருக்கக் கற்றுக்கொடுத்திருந்தேன். எதையும் நம்பாத பிள்ளை பாதுகாப்பாக இருப்பதாக நினைக்காதீர்கள். உண்மை சொல்பவரும் பொய் சொல்பவரும் அதற்கு ஒன்றுதான். கடைசியில் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு போய்விடும். சந்தேகப்படக் கற்றுக்கொடுப்பது பாதி வேலை. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளும் வழியையும் கையில் கொடுத்தால்தான் வேலை முடிகிறது. அதற்குப் பிறகு என் பாடத்தை முழுக்க மாற்றி எழுதினேன். பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப்போகும் ஆசிரியர்களுக்காக, அந்த மாற்றிய பாடத்தை இங்கே எழுதுகிறேன்.

கணினி ஆய்வகம் கட்டாயமில்லை. ஆசிரியர் மேசையில் ஒரு கணினியும் ஒரு புரொஜெக்டரும் இருந்தால் போதும். அதுவும் இல்லையென்றால் முந்தைய நாளே பக்கங்களை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் நடத்திய சிறந்த வகுப்புகளில் ஒன்று மின்சாரம் இல்லாத நாளில், வெறும் அச்சுத் தாள்களை வைத்து நடந்தது.

முதலில் கோப்பு எங்கே என்று கேளுங்கள்

‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர என்ன இருக்கிறது, அவர்களுக்கே எல்லாம் தெரியும்’ என்று சக ஆசிரியர்கள் சொல்வதுண்டு. விரல் வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு நிமிடத்தில் காணொளியை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்க்கும் மாணவி, தான் தட்டச்சு செய்த கட்டுரையை எங்கே சேமித்தாள் என்று தெரியாமல் கண் கலங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் செயலியே பார்த்துக்கொள்ளும் கருவிகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கோப்பு, கோப்புறை என்ற எண்ணமே பழக்கமில்லை.

இதற்கு இரண்டு பீரியட் போதும். ஒரு மாணவர் கோப்பு ஒன்றை உருவாக்கி, பெயர் வைத்து, ஏதாவது ஒரு கோப்புறைக்குள் ஒளித்துவைக்கட்டும். இன்னொருவர் தேடிக் கண்டுபிடிக்கட்டும். ‘புதிய கோப்பு 7’ என்று பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பது அந்த விளையாட்டிலேயே புரிந்துவிடும். சேமிப்பது, பெயர் மாற்றுவது, மின்னஞ்சலில் இணைப்பது, நகல் எடுத்து வைப்பது: இவ்வளவுதான். மேலே போய்விடலாம்.

இனி சுறா

இணையத்தில் பல ஆண்டுகளாகச் சுற்றும் படம் ஒன்று உண்டு. வெள்ளம் சூழ்ந்த நெடுஞ்சாலை, காரிலிருந்து எடுத்தது போன்ற கோணம், சாலைத் தண்ணீரில் ஒரு சுறா நீந்திப் போகிறது. இந்த ஒரு படத்தை வைத்து நான் மூன்று பீரியட் நடத்துகிறேன். எத்தனையோ படங்களை முயன்று பார்த்துவிட்டேன், இதற்கு ஈடாக இன்னொன்று கிடைக்கவில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

படத்தைத் திரையில் போடுங்கள். எதுவும் பேசாதீர்கள். ஒவ்வொருவரும் ஒரு தாளில் இரண்டு வரி எழுதட்டும்: இதை நம்புகிறேனா, ஏன். வாய்விட்டுச் சொல்ல விடாதீர்கள். வகுப்பில் சத்தமாகப் பேசும் இரண்டு பேர் சொல்வதே மற்றவர்களின் கருத்தாகிவிடும். எழுத வைத்தால் தனித்தனியாக யோசிப்பார்கள்.

தாள்களை வாங்கிச் சிலவற்றைப் பெயர் சொல்லாமல் படியுங்கள். ‘நிழல் சரியில்லை’, ‘தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருக்காது’, ‘சுறா பெரிதாகத் தெரிகிறது’ என்று வரும். இந்த இடத்தில் நான் முன்பு செய்த தவறைச் செய்யாதீர்கள். நிழலையும் விளிம்பையும் உற்றுப் பார்க்கும் வித்தையைப் பாராட்டி வளர்த்துவிட்டேன். நட்சத்திரம் இல்லாததைப் பார்த்து நிலவுப் படத்தைப் பொய் என்று சொன்னதும் அதே வித்தைதான். செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படங்களில் கையில் ஆறு விரல் இருக்கிறதா என்று தேடிய காலமும் வேகமாகக் கடந்துகொண்டிருக்கிறது. படத்துக்குள் தேடுவதை விட்டுவிட்டு, படம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும்.

இப்போது படத்தை வைத்தே படத்தைத் தேடுங்கள். கூகுளில் இந்த வசதி 2011-இலிருந்து இருக்கிறது. டின்ஐ என்ற தளத்தில் 2008-இலிருந்தே இருக்கிறது. டின்ஐயில் முடிவுகளைப் பழமை வரிசையில் அடுக்கிப் பார்க்கலாம் என்பதால் வகுப்புக்கு அதை அதிகம் பயன்படுத்துகிறேன். தேடினால் அதே சுறா 2011-இல் ஐரீன் புயலின்போது கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் நீந்துகிறது. 2017-இல் ஹார்வி புயலின்போது அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நீந்துகிறது. இரண்டு இடங்கள், நடுவே ஆறு ஆண்டுகள், அதே சுறா, அதே அலை. இதைப் பார்த்ததும் வகுப்பில் எழும் சத்தத்தைக் கேட்க வேண்டும். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை.

பெரும்பாலான ஆசிரியர்கள் இங்கேயே மணி அடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஆனால் பாடத்தின் உயிர் அடுத்த பீரியடில்தான் இருக்கிறது. அந்தச் சுறா எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். தாமஸ் பெஷாக் என்ற புகைப்படக் கலைஞர் 2003-இல் தென்னாப்பிரிக்கக் கடலில் எடுத்த படத்திலிருந்து வெட்டி எடுத்தது அது. மஞ்சள் நிறச் சிறு படகில் ஒருவர் உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிறார். பின்னால் நீருக்குள் ஒரு பெரிய வெள்ளைச் சுறா. இந்த மூலப் படத்தைக் காட்டி, மறுபடியும் தாளில் எழுதச் சொல்லுங்கள். ‘இதுவும் பொய்’ என்றுதான் நிறையப் பேர் எழுதுவார்கள். அந்தப் படம் வெளிவந்த காலத்திலும் பலர் அதைப் போலி என்றுதான் நினைத்தார்கள். ஆனால் அது உண்மை. படகும் உண்மை, சுறாவும் உண்மை, தூரமும் உண்மை.

மூன்றாவது பீரியட். 2022-இல் இயான் புயலின்போது ஃபுளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸ் நகரில் எடுத்த காணொளி ஒன்று: வெள்ளம் புகுந்த ஒரு வீட்டின் பின்புறத்தில் சுறா போன்ற ஏதோ ஒன்று துள்ளுகிறது. இதற்குள் பிள்ளைகள் உஷாராகிவிட்டிருப்பார்கள். ‘வெள்ளத்தில் சுறா என்றாலே பொய்’ என்பார்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அந்தக் காணொளியை எடுத்தவரிடம் பேசியது. மூலக் கோப்பில் பதிவாகியிருந்த நேரத்தைச் சரிபார்த்தது. அந்தப் புயல் நாளில் எடுத்ததுதான் என்று உறுதிசெய்தது. அது சுறாதானா, வேறு பெரிய மீனா என்பதில் மட்டும் வல்லுநர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

ஒரு பொய், ஓர் உண்மை, பாதி மட்டும் உறுதியான ஒன்று. மூன்றிலும் பேச்சு சுறாவைப் பற்றித்தான். இதனால்தான் இந்தப் படத்தை விடாமல் வைத்திருக்கிறேன்.

மூன்று பத்திகள்

கரும்பலகையில் இப்போது நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்திகளாகப் பிரியுங்கள்: உண்மை, பொய், இன்னும் தெரியவில்லை. மூன்றாவது பத்தியில் ஒன்றை எழுதும் மாணவர், அதன் பக்கத்தில் இன்னொன்றையும் எழுத வேண்டும்: தெரிந்துகொள்ள எனக்கு என்ன கிடைக்க வேண்டும். ‘படம் எடுத்தவர் யார் என்று தெரிய வேண்டும்’, ‘அந்த ஊர்ச் செய்தித்தாள் ஒன்று வேண்டும்’, ‘மீன் பற்றித் தெரிந்தவர் ஒருவரின் கருத்து வேண்டும்’. இந்த வரியை எழுதாமல் ‘தெரியவில்லை’ என்று மட்டும் எழுதினால் நான் ஏற்றுக்கொள்வதில்லை. தெரியவில்லை என்பது சோம்பலுக்கு மறைவிடம் ஆகிவிடக் கூடாது.

பிள்ளைகளுக்குத் ‘தெரியவில்லை’ என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதை இந்தப் பலகையின் முன்னால்தான் உணர்ந்தேன். நம் தேர்வுகள் அப்படிப் பழக்கியிருக்கின்றன. காலியாக விடாதே, எதையாவது எழுது என்று நாமேதான் சொல்கிறோம். இந்தப் பாடத்தில் அதை மாற்ற வேண்டியிருக்கிறது. அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும், பொறுமையாக இருங்கள்.

பக்கத்தை விட்டு வெளியே போவது

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வரலாற்று அறிஞர்கள் 10 பேர், செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர். எல்லோருக்கும் முன்பின் தெரியாத வலைத்தளங்களைக் கொடுத்து, நம்பலாமா என்று கேட்டார்கள். அறிஞர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே தங்கி, மேலிருந்து கீழாகக் கவனமாகப் படித்தார்கள்; அழகான சின்னத்தையும் கம்பீரமான பெயரையும் பார்த்துப் பலர் ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ பக்கத்தைப் படிக்கவே இல்லை. உடனே வேறு டேப்களைத் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தார்கள். இதற்குப் பக்கவாட்டு வாசிப்பு என்று பெயர்.

எனக்கு இது பெரிய அதிர்ச்சி. கவனமாகப் படி, முழுதாகப் படி என்று சொல்லியே பழகியவள் நான். யார் எழுதியது என்று தெரியாத இடத்தில் கவனமாகப் படிப்பது என்பது, ஏமாற்றுபவர் பேசுவதை உட்கார்ந்து முழுதாகக் கேட்பதற்குச் சமம். இப்போது என் வகுப்பில் ஒரு விதி உண்டு: புதிய தளம் ஒன்றைத் திறந்தால் முதல் இரண்டு நிமிடம் அதைப் படிக்கக் கூடாது. தளத்தின் பெயரை எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டும்.

பயிற்சிக்கு மர ஆக்டோபஸ் நல்லது. வட அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குப் பகுதிக் காடுகளில், மரத்தில் வாழும் ஆக்டோபஸ் அழிந்துவருகிறது, அதைக் காப்பாற்றுங்கள் என்று வேண்டும் ஒரு தளம் 1998-இலிருந்து இணையத்தில் இருக்கிறது. முழுக்க முழுக்கக் கற்பனை. 2006-இல் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் காட்டியபோது கிட்டத்தட்ட எல்லோரும் நம்பினார்கள். அந்தத் தளத்தில் படங்கள் உண்டு, விலங்கின் அறிவியல் பெயர் உண்டு, உதவி செய்யும் வழிகள் உண்டு. உள்ளேயே இருந்தால் நம்பாமல் இருப்பது கஷ்டம். வெளியே வந்து தேடினால் ஒரு நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும்.

வெளியே போய் எங்கே பார்ப்பது? முதலில் விக்கிப்பீடியா. இதைச் சொன்னால் சில ஆசிரியர்களுக்குக் கோபம் வருகிறது. யார் வேண்டுமானாலும் திருத்தலாமே என்பார்கள். கட்டுரைக்கு ஆதாரமாக அதைக் காட்டச் சொல்லவில்லை. ‘இந்த அமைப்பை நடத்துபவர் யார்’ என்ற கேள்விக்கு விரைவான முதல் பதில் கிடைக்கும் இடம் அது. அடியில் இருக்கும் மேற்கோள்களைப் பிடித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகலாம். கட்டுரையின் திருத்த வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார்கள் என்றும் காட்டுங்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003-இலிருந்து இருக்கிறது; ஒரே தலைப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எங்கே விடுபட்டிருக்கிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். விடுபட்டதைச் சேர்க்கலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல மேற்கோளோடு வந்தால் சேர்க்கலாம் என்றேன். மூன்று வாரம் கழித்து, இரண்டு வரியும் ஒரு மேற்கோளுமாக வந்து நின்றாள். அன்றைக்கு எனக்கு இருந்த மகிழ்ச்சியை எழுதி மாளாது.

முகவரியை எங்கிருந்து படிப்பது

கரும்பலகையில் இரண்டு முகவரிகள் எழுதுவேன். ‘மஞ்சள்வங்கி.காம்/கணக்கு’ என்பது ஒன்று. ‘மஞ்சள்வங்கி.கணக்குசோதனை.காம்/உள்நுழை’ என்பது இன்னொன்று. எது வங்கியுடையது என்றால் இரண்டும் என்பார்கள், இரண்டிலும் மஞ்சள்வங்கி இருக்கிறதே என்று.

முதல் சாய்வுக்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படிக்கச் சொல்லுங்கள். முன்னால் ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்கினால் அதை ஒட்டி வரும் இரட்டைக் கோட்டைத் தாண்டிவிட வேண்டும். சாய்வுக்கோட்டுக்கு இடப்பக்கம் ‘காம்’. அதற்கு முன் இருப்பதுதான் உரிமையாளர் பெயர். இரண்டாவது முகவரியின் உரிமையாளர் ‘கணக்குசோதனை’. முன்னால் ஒட்டியிருக்கும் ‘மஞ்சள்வங்கி’ அவர் தன் வீட்டு அறைக்குச் சூட்டிக்கொண்ட பெயர், அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் தன் வீட்டு அறைக்கு என்ன பெயரும் வைக்கலாம் இல்லையா? சில நாடுகளின் முகவரிகளில் ‘கோ.யூகே’ போலக் கடைசிப் பகுதி இரண்டு துண்டாக வரும். அதையும் ஒரு முறை காட்டிவிடுங்கள். தாளில் அச்சடித்த முகவரிகளைக் கத்தரிக்கோலால் வெட்டி உரிமையாளர் துண்டை மட்டும் தனியே வைக்கச் சொன்னால், சின்ன வகுப்புப் பிள்ளைகளும் பிழையில்லாமல் செய்கிறார்கள்.

பூட்டுச் சின்னம் இருந்தால் நல்ல தளம் என்று இன்னும் பல பாடப் பயிற்சிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதை நிறுத்த வேண்டும். நடுவழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே அந்தப் பூட்டின் பொருள். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று அதற்குத் தெரியாது. மோசடித் தளங்களும் பூட்டோடுதான் வருகின்றன. மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே 2023-இல் குரோம் உலாவி அந்தப் பூட்டை எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது.

கடவுச்சொல்லுக்குத் தாயக்கட்டை

கணக்கு ஆசிரியரையும் இந்த வகுப்புக்கு அழையுங்கள். ஆர்னால்ட் ரெய்ன்ஹோல்ட் என்பவர் 1995-இல் சொன்ன முறை இது. ஆறு முகப் பகடையை ஐந்து முறை உருட்டினால் ஐந்து இலக்க எண் கிடைக்கும். அப்படி 7,776 எண்கள் சாத்தியம். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சொல் என்று பட்டியல் இருக்கிறது. நான்கு சொற்கள் எடுத்தால் எத்தனை சேர்க்கைகள் என்று பிள்ளைகளே பெருக்கட்டும்: சுமார் 36 கோடி கோடி. இருபத்தாறு ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் எட்டு எழுத்துக் கடவுச்சொல் என்றால் சுமார் 20,882 கோடிதான். நான்கு சொற்கள் அதைவிடப் பதினேழாயிரம் மடங்குக்கும் மேல். ஐந்தாவது, ஆறாவது சொல்லையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை வீட்டுப் பாடமாகக் கொடுங்கள்.

பகடை உருட்டுவதுதான் முக்கியம். மனதில் தோன்றிய நான்கு சொற்கள் என்றால் எல்லோரும் பூனையையும் நிலவையும்தான் எழுதுகிறார்கள். வகுப்பில் உருட்டிய சொற்களை யாரும் பயன்படுத்தக் கூடாது என்றும், வீட்டில் தனியாக உருட்டிக்கொள்ள வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மாதா மாதம் மாற்றச் சொல்ல வேண்டாம். மாற்றச் சொன்னால் கடைசியில் 1, 2, 3 என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், காரணமில்லாமல் அடிக்கடி மாற்ற வற்புறுத்த வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது.

பேசும் இயந்திரத்திடம் மேற்கோள் கேட்பது

சாட்ஜிபிடி போன்ற, கேள்விக்குப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்குப் பல இடங்களில் 13 வயதுக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆகவே பிள்ளைகளின் கணக்கில் செய்ய வேண்டாம். ஆசிரியர் மேசையில், எல்லோரும் பார்க்கும்படி, நீங்களே தட்டச்சு செய்யுங்கள். மாணவர் பெயர், பள்ளியின் பெயர் எதையும் உள்ளே போடாதீர்கள்.

பாடத்தில் இருக்கும் ஒரு தலைப்பைக் கொடுத்து, இதைப் பற்றிய ஐந்து நூல்கள் அல்லது கட்டுரைகளை ஆசிரியர் பெயர், ஆண்டு ஆகியவற்றோடு கேளுங்கள். வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஆளுக்கு ஒன்றைக் கொடுத்து, அது உண்மையில் இருக்கிறதா என்று நூலகப் பட்டியல்களில் தேடச் சொல்லுங்கள். சில நாள் ஐந்தும் இருக்கும். சில நாள் ஆசிரியர் பெயர் உண்மையாக இருக்கும், நூல் இருக்காது. சில நாள் நூல் இருக்கும், ஆண்டு தவறாக இருக்கும். ஒவ்வொன்றையும் அந்த மூன்று பத்திகளில் போடுங்கள். 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சிலர் இப்படிக் கிடைத்த பழைய வழக்குகளைச் சரிபார்க்காமல் நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டினார்கள். அப்படி வழக்குகளே நடந்ததில்லை என்று தெரியவந்து, நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். படித்துப் பட்டம் பெற்றவர்களுக்கே இது நடந்தது என்று சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

அதற்காக இயந்திரத்தைத் திட்டிவிட்டுப் போகாதீர்கள். கடினமான பத்தியை எளிமையாக்கவும், ஒரு கணக்கை வேறு வழியில் விளக்கவும் அது நன்றாக உதவுகிறது. எதற்குக் கேட்கலாம், கேட்டதை எங்கே போய்ச் சரிபார்க்க வேண்டும் என்பதுதான் பாடம்.

யாராவது வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றால்

தனிப்பட்ட தகவல்கள் பற்றிய பாடத்துக்கு மாணவர்களின் படங்களை ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கற்பனையாக ஒரு படத்தை வரைந்து காட்டுங்கள்: சீருடை அணிந்த பெண், பின்னால் ஜன்னல், மேசையில் அடையாள அட்டை, சுவரில் வகுப்பு அட்டவணை. முன்பின் தெரியாத ஒருவருக்கு இந்தப் படம் எதையெல்லாம் சொல்லிவிடுகிறது என்று பட்டியல் போடச் சொல்லுங்கள். படம் எடுத்த இடத்தையும் கோப்புக்குள்ளேயே போன் எழுதி வைக்கக்கூடும் என்பதையும், அதை அமைப்புகளில் போய் நிறுத்தலாம் என்பதையும் காட்டுங்கள்.

இந்தப் பாடம் நடந்த நாளில் யாராவது ஒருவர் பையை மெதுவாக அடுக்கிக்கொண்டு கடைசி வரை நிற்பார். அவருக்காக அடுத்த பத்து நிமிடத்தை ஒதுக்கி வையுங்கள். என்னிடம் அப்படி நின்ற மாணவி, தன் பெயரில் வேறு யாரோ கணக்கு தொடங்கி, தோழிகளுக்கு அசிங்கமாக எழுதுகிறார்கள் என்று சொன்னாள். வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “போனை வாங்கி வைத்துவிடுவார்கள் டீச்சர்” என்றாள். நான்கு மாதங்கள் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். போனைப் பிடுங்குவோம் என்ற நம் மிரட்டல்தான் பிள்ளைகளின் வாயைக் கட்டிப்போடுகிறது. இதை ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் சொல்கிறேன்.

அவளிடம் முதலில் சொன்னது, “சொன்னது நல்லது, உன் மேல் எந்தத் தவறும் இல்லை” என்பதுதான். பிறகு இருவரும் சேர்ந்து அந்தக் கணக்கின் பெயர், முகவரி, செய்திகள், தேதி ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். அதற்குப் பிறகுதான் புகார் செய்தோம். முதலிலேயே அழித்தால் ஆதாரம் போய்விடும். தலைமையாசிரியரிடமும் வீட்டிலும் சொல்லப்போவதை அவளிடம் முன்கூட்டியே சொல்லி, சம்மதிக்க வைத்தேன். ஆனால் ஒரு பிள்ளையின் அந்தரங்கப் படம் சம்பந்தப்பட்டது என்றால் அதை நீங்கள் நகல் எடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ கூடாது. பொறுப்பான அதிகாரிகளிடம் நேராகக் கொண்டுபோக வேண்டும்.

மதிப்பெண்ணும் வீடும்

இந்தப் பாடத்துக்குத் தேர்வு வைப்பதில்லை. ஒவ்வொருவரும் ஒரு தேடல் குறிப்பேடு வைத்திருக்கிறார்கள்: என்ன கேள்வி, தேடுபொறியில் என்ன சொற்களை அடித்தேன், எந்தெந்தப் பக்கத்துக்குப் போனேன், எங்கே திரும்பினேன், மூன்று பத்திகளில் எதில் போட்டேன். பத்து மதிப்பெண்ணில் முடிவுக்கு இரண்டு, வழிக்கு எட்டு. தவறான முடிவுக்கு நல்ல வழியில் போன மாணவர் என் வகுப்பில் எட்டு வாங்கலாம்.

கடைசி இரண்டு பீரியடை நடிப்புக்கு ஒதுக்குகிறேன். வீட்டுப் பெரியவர் ஒருவர் போனில் குடும்பக் குழுவுக்குத் தவறான செய்தியை அனுப்பியிருக்கிறார். மரியாதை குறையாமல் எப்படிச் சொல்வது? ஒருவர் தாத்தா, ஒருவர் பேத்தி. முதல் முறை எல்லாப் பேத்திகளும் “இது பொய் தாத்தா” என்றுதான் தொடங்குவார்கள். எல்லாத் தாத்தாக்களும் உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இரண்டாவது முறை, “தாத்தா, இந்தப் படம் 2011-லேயே வந்திருக்கிறது, பாருங்கள்” என்று திரையை நீட்டச் சொல்லுவேன். இருவரும் சேர்ந்து பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். எல்லோர் முன்னும் குழுவில் பதில் போடாமல் தனியாகச் சொல்ல வேண்டும் என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி இதை வீட்டில் உண்மையாகவே செய்து பார்த்தாள். இப்போது அவளுடைய தாத்தா எதையும் குழுவில் போடுவதற்கு முன் அவளுக்கு அனுப்புகிறாராம். முதல் வாரம் மூன்று வந்தன. ஒன்று பழைய படம், ஒன்று இன்னும் தெரியவில்லை, ஒன்று உண்மை. உண்மையான அந்த ஒன்றைத்தான் முதலில் அவரிடம் சொன்னேன் என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தாள்.